நிபந்தனைக் கேள்வி சொன்னபடி வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் பதிவுப் படிவம் தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேரில் வருகிறவரிடம் மட்டும் தங்குமிடம் வேண்டுமா என்று கேட்க வேண்டும். இணையவழியில் சேர்கிறவரிடம் கணினியா கைபேசியா என்று கேட்க வேண்டும். வர முடியாதவரிடம் காரணம் மட்டும் கேட்டு அத்துடன் விட்டுவிட வேண்டும். முந்தைய விடையைப் பொறுத்து வரும் இப்படிப்பட்ட கேள்விதான் நிபந்தனைக் கேள்வி. சொல்வதற்கு மூன்று வரிதான். அமைத்துச் சோதித்துப் பார்த்தால், தங்குமிடக் கேள்வி யாருக்குமே வராது, இல்லையென்றால் எல்லோருக்கும் வரும்.

இந்த இடத்தில் பலரும் செய்வது, அந்தக் கேள்வியை அழித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி அமைப்பது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். படிவம் ஏற்கெனவே வெளியே போயிருந்தால், அழித்துப் புதிதாகப் போட்ட கேள்வி விடைத்தாளில் (விடைகள் வந்து சேரும் அட்டவணையில்) புது நெடுவரிசையாக வந்து உட்காரும். பழைய விடைகள் ஒரு பக்கம், புதியவை இன்னொரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும். கோளாறு எதனால் வந்தது என்பதும் தெரியாமலே போய்விடும். அடுத்த கேள்வியில் அதே கோளாறு திரும்ப வரும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தை நிரப்புகிறவர் நம்மிடம் வந்து "இந்தக் கேள்வி எனக்குப் பொருந்தவில்லையே" என்று சொல்ல மாட்டார். மூடிவிட்டுப் போவார். அல்லது, கட்டாயக் கேள்வி என்பதால் ஏதோ ஒன்றை எழுதிவிட்டுப் போவார். இரண்டாவதுதான் கூடுதல் சிக்கல், ஏனென்றால் அந்த விடை பார்க்க நல்ல விடை மாதிரியே இருக்கும். அதனால் கோளாறைப் படிவத்தை அனுப்பும் முன்பே பிடிக்க வேண்டும்.

முதலில்: உங்கள் கருவி தாவுகிறதா, காட்டி மறைக்கிறதா?

கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டில்தான் தொங்குகிறது. கூகுள் ஃபார்ம்ஸ் தாவும் வகை. ஒரு விடையைப் பொறுத்து எந்தப் பிரிவுக்கு (செக்ஷனுக்கு) போக வேண்டும் என்று மட்டும்தான் அதில் சொல்ல முடியும். ஒரே பக்கத்துக்குள் ஒரு கேள்வியை ஒளித்து வைத்து, விடை வந்ததும் கீழே விரியச் செய்ய அதில் வழி கிடையாது. சர்வேமங்கியின் ஸ்கிப் லாஜிக்கும் தாவும் வகைதான். 'நெக்ஸ்ட்' பட்டனை அழுத்தும்போதுதான் அது வேலை செய்யும். ஜாட்ஃபார்ம் போன்றவை காட்டி மறைக்கும் வகை. நாம் வைத்த விதி, அதாவது 'இந்த விடை வந்தால் காட்டு' என்ற நிபந்தனை, நிறைவேறியதும் கேள்வி அதே பக்கத்தில் தோன்றும். கோபோ, ஓடிகே போன்ற களஆய்வுக் கருவிகளில் 'ரெலவன்ட்' என்ற நெடுவரிசையில் எழுதும் நிபந்தனையும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

தாவும் வகைக் கருவியை வைத்துக்கொண்டு, கேள்வி அதே பக்கத்தில் ஏன் விரியவில்லை என்று தேடிக்கொண்டிருந்தால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான். அங்கே கோளாறே இல்லை. கேள்வியைத் தனிப் பிரிவுக்கு நகர்த்துங்கள், சரியாகிவிடும்.

அறிகுறி: விடையைத் தேர்ந்த பிறகும் கேள்வி வரவே இல்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். காரணங்களும் இதற்குத்தான் அதிகம். எளிதானதிலிருந்து தொடங்குங்கள்.

தாய்க்கேள்வியின் வகையைப் பாருங்கள். எந்தக் கேள்வியின் விடையைப் பொறுத்து இன்னொன்று வர வேண்டுமோ, அதைத் தாய்க்கேள்வி என்று இங்கே சொல்கிறேன். கூகுள் ஃபார்ம்ஸில் கிளை பிரிக்கும் வசதி, அதாவது விடைக்கு ஏற்ப வேறு வேறு வழியில் அனுப்பும் வசதி, இரண்டு வகைக் கேள்விக்குத்தான் உண்டு: ஒன்றை மட்டும் தேரும் மல்டிபிள் சாய்ஸ், அப்புறம் ட்ராப்டவுன். பலவற்றை டிக் செய்யும் செக்பாக்ஸ் கேள்விக்குக் கிடையாது. கேள்வியின் வலது கீழ் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தும்போது 'கோ டு செக்ஷன் பேஸ்டு ஆன் ஆன்ஸர்' என்ற வரி காணவில்லை என்றால் கேள்வியின் வகையைத்தான் பார்க்க வேண்டும். பலவற்றைத் தேரத்தான் வேண்டும் என்றால், ஒவ்வொன்றுக்கும் தனியே ஆம்/இல்லை கேள்வி வைத்து, ஒவ்வொன்றையும் தனிப் பிரிவில் போடுவதுதான் வழி. படிவம் நீளும். ஆனால் சரியாக வேலை செய்யும்.

கோபோ, ஓடிகே பயன்படுத்துகிறவர்களுக்கு இதே இடத்தில் வேறு ஒரு கண்ணி இருக்கிறது. ஒன்றை மட்டும் டிக் செய்தால் கேள்வி வருகிறது, இரண்டை டிக் செய்ததும் மறைகிறது. இப்படி நடந்தால் காரணம் ஒன்றே ஒன்றுதான். பலதேர்வுக் கேள்வியின் விடைகள் இடைவெளி விட்டு ஒரே சரமாக, அதாவது ஒரே எழுத்துத் தொடராக, சேமிக்கப்படுகின்றன. 'நேரில்' மட்டும் தேர்ந்தால் சரம் 'நேரில்' என்று இருக்கும். இரண்டைத் தேர்ந்தால் 'நேரில் இணையம்' என்று ஆகிவிடும். நீங்கள் சமக்குறி போட்டு ஒப்பிட்டிருந்தால் இரண்டாவது சரம் முதலாவதுக்குச் சமமாகாது. சமக்குறியை எடுத்துவிட்டு 'செலெக்டட்' என்ற செயற்கூற்றைப் போடுங்கள். பட்டியலுக்குள் அது இருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கும்.

அடுத்து, பெயரும் மதிப்பும். திரையில் தெரியும் சொல் ஒன்று, கருவி உள்ளே சேமிக்கும் மதிப்பு இன்னொன்று என்று பல கருவிகளில் உண்டு. திரையில் 'நேரில் வருகிறேன்' என்று இருக்கும், உள்ளே '1' என்று இருக்கும். விதியில் திரைச் சொல்லை எழுதினால் அது எக்காலத்திலும் பொருந்தாது. களஆய்வுக் கருவிகளில் விதி எப்போதும் உள்மதிப்பைத்தான் பார்க்கும். அதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் கணக்கில் வரும்.

நிரப்புகிறவர் தட்டச்சு செய்யும் விடையை வைத்து விதி அமைத்திருந்தால், தமிழில் எழுதுகிற நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 'தொலைபேசி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள 'ொ' என்ற குறியை யூனிகோடில் (கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுத் தரத்தில்) ஒரே குறியீடாகவும் எழுதலாம். 'ெ', 'ா' என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். யூனிகோடு தரமும் இரண்டையும் சமமாகவே வைக்கிறது. ஆனால் ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத கருவிக்கு அவை வேறு வேறு சொற்கள். 'மௌனம்' போன்ற சொல்லில் 'ௌ' போட வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பையும் 'ள' என்ற எழுத்தையும் போடுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். அது யூனிகோடு கணக்கிலும் வேறு சொல்தான். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் இடைவெளியே விதியைக் கெடுக்கப் போதும். என் கருத்து உறுதியானது: தட்டச்சு செய்த சொல்லை நம்பிக் கிளை வைக்கவே கூடாது. தாய்க்கேள்வி எப்போதும் தேர்ந்தெடுக்கும் வகையாகவே இருக்கட்டும்.

கருவியே தரும் 'மற்றவை' வாய்ப்புக்கும் இது பொருந்தும். அதை நம்பிக் கிளை வைக்காமல், 'வேறு வழியில்' என்று நீங்களே ஒரு சாதாரண வாய்ப்பை எழுதுங்கள். அதைத் தேர்ந்தவருக்கு அடுத்ததாக ஓர் எழுத்துப் பெட்டியைக் காட்டுங்கள்.

எண்ணை வைத்து விதி அமைத்திருந்தால், அந்தப் பெட்டி எண் வகையா எழுத்து வகையா என்று பாருங்கள். எழுத்தாக ஒப்பிடும்போது 9 என்பது 18-ஐ விடப் பெரியது, ஏனென்றால் முதல் எழுத்தான 9-ஐயும் 1-ஐயும்தான் அது முதலில் ஒப்பிடுகிறது. 9 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களுக்கான கேள்விகள் வருவது இப்படித்தான். எல்லைக்கோட்டையும் விட்டுவிடாதீர்கள். '18-க்குக் குறைவு' என்று ஒரு கிளை, '18-க்கு அதிகம்' என்று ஒரு கிளை வைத்தால், சரியாக 18 வயது ஆனவருக்கு எதுவுமே வராது. ஏதாவது ஒரு பக்கம் 'அல்லது சமம்' இருக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? விதியில் இரண்டு நிபந்தனைகள் இருந்தால் நடுவில் 'எல்லாம்' இருக்கிறதா, 'ஏதேனும் ஒன்று' இருக்கிறதா என்று பாருங்கள். மெனுவில் இது ஆல், எனி என்று இருக்கும். ஒன்றை மட்டும் தேரக்கூடிய கேள்வியில் 'நேரில்' என்பதும் 'இணையவழி' என்பதும் எல்லாம் நிறைவேற வேண்டும் என்று கேட்டால், அது ஒருநாளும் நடக்காது. அங்கே ஏதேனும் ஒன்று என்றுதான் இருக்க வேண்டும்.

கடைசியாக, ஒரே கேள்விக்கு இரண்டு தனித்தனி விதிகள். 'நேரில் என்றால் காட்டு' என்று ஒன்று, 'இணையவழி என்றால் காட்டு' என்று இன்னொன்று. பல கருவிகளில் 'காட்டு' என்ற விதிக்குள் 'இல்லையென்றால் மறை' என்பதும் சொல்லாமலே அடங்கியிருக்கிறது. முதல் விதி காட்டியதை இரண்டாவது விதி மறைத்துவிடும். இரண்டையும் ஒரே விதியாக்கி, ஏதேனும் ஒன்று என்று போடுங்கள். அந்தக் கேள்வி ஏதாவது குழுவுக்குள் இருந்தால் அந்தக் குழுவே மறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிக்கதவு பூட்டியிருக்கும்போது உள்ளறையைத் திறந்து பயனில்லை.

அறிகுறி: யாருக்குத் தேவையில்லையோ அவருக்கும் வருகிறது

படிவம் திறந்தவுடனேயே, ஒரு விடையும் தராத நிலையில் கேள்வி தெரிகிறதா? உங்கள் விதியில் 'சமம் அல்ல' என்று இருக்கும். "இணையவழி அல்ல என்றால் காட்டு" என்று எழுதியிருப்பீர்கள். இன்னும் எதையுமே தேராதவரின் விடை காலி. காலி என்பதும் 'இணையவழி' அல்லவே! அதனால் கருவி அதைக் காட்டுகிறது. கருவி நீங்கள் சொன்னதைத்தான் செய்கிறது. முடிந்தவரை விதியை நேராக எழுதுங்கள்: "நேரில் என்றால் காட்டு". எதிர்மறையாகத்தான் எழுத வேண்டும் என்றால், கூடவே 'விடை காலியாக இல்லை' என்ற நிபந்தனையையும் சேருங்கள்.

இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது, எதிர்மறையும் 'ஏதேனும் ஒன்று' என்பதும் சேர்ந்து வருவது. வர முடியாதவருக்கு மட்டும் காரணம் கேட்க நினைத்து, "நேரில் அல்ல, இணையவழி அல்ல, இவற்றில் ஏதேனும் ஒன்று உண்மையானால் காட்டு" என்று வைத்தீர்கள். இப்போது ஒருவர் நேரில் வருகிறார். 'நேரில் அல்ல' என்பது பொய். சரி. 'இணையவழி அல்ல' என்பது? அவர் இணையவழியைத் தேரவில்லை, ஆகவே உண்மை. ஒன்று உண்மையானால் போதும் என்று சொல்லியிருக்கிறோம், கேள்வி வந்துவிட்டது. இணையவழிக்காரருக்கும் இதே கதிதான், மாற்றி நடக்கும். எதிர்மறை நிபந்தனைகள் இரண்டு சேர்ந்தால் நடுவில் 'எல்லாம்' என்றுதான் இருக்க வேண்டும். பேச்சுத்தமிழில் "நேரிலயும் இல்ல, இணையத்துலயும் இல்ல" என்கிறோமே, அந்த 'உம்' தான் இங்கே 'எல்லாம்'. விதியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே பிடிபட்டுவிடும்.

அறிகுறி: ஒரு கிளையில் போனவர் அடுத்த கிளைக்குள்ளும் நுழைகிறார்

நேரில் வருகிறவர் தங்குமிடக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு 'நெக்ஸ்ட்' அழுத்துகிறார். அடுத்து, கணினியா கைபேசியா என்ற இணையவழிக் கேள்வி வருகிறது. அதை முடித்தால், ஏன் வர முடியவில்லை என்று கேட்கிறது! கூகுள் ஃபார்ம்ஸ் பயன்படுத்துகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் கோளாறுகளில் இதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதல் பிரிவில் 'நேரில்' என்பதற்குப் பிரிவு 2, 'இணையவழி' என்பதற்குப் பிரிவு 3, 'வரவில்லை' என்பதற்குப் பிரிவு 4 என்று சரியாகக் கொடுத்தீர்கள். உள்ளே போகும் வழியைச் சொல்லியாயிற்று. வெளியே வரும் வழியைச் சொல்லவில்லை. ஒவ்வொரு பிரிவின் அடியிலும் 'ஆஃப்டர் செக்ஷன்' என்று ஒரு சிறு வரி இருக்கிறது. அதில் தானாக இருக்கும் அமைப்பு, அடுத்த பிரிவுக்குத் தொடர்வது. ஆகவே பிரிவு 2 முடிந்ததும் 3, பிறகு 4 என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும்.

பிரிவு 2-இன் அடியில் போய், எல்லோருக்கும் பொதுவான கடைசிப் பிரிவுக்குப் போகும்படி மாற்றுங்கள். பிரிவு 3-க்கும் அதே. பிரிவு 4-இல் 'சப்மிட் ஃபார்ம்' என்று வையுங்கள். அந்த வரி சின்னதாக, மங்கலாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை. பிரிவைச் சுருக்கி வைத்திருந்தால் விரித்துப் பாருங்கள்.

இங்கே யார் சொல் எடுபடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பிரிவுக்குள் விடையைப் பொறுத்த தாவல் இருந்தால், அது அந்தப் பிரிவின் அடியில் உள்ள வரியை மீறிவிடும். ஒரே பிரிவுக்குள் தாவல் வைத்த கேள்விகள் இரண்டு இருந்து, நிரப்புகிறவர் இரண்டுக்கும் விடை சொன்னால், கடைசியில் இருப்பது மட்டுமே செல்லும். முதலாவது வைத்த தாவல் வீண். ஆகவே ஒரு பிரிவுக்கு ஒரு தாய்க்கேள்வி, அதுவும் அந்தப் பிரிவின் கடைசிக் கேள்வி என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். அதைக் கட்டாயக் கேள்வியாகவும் வையுங்கள். கட்டாயம் இல்லையென்றால் விடை சொல்லாமலே நகர்கிறவர், அடியில் உள்ள வரி காட்டும் இடத்துக்குப் போய்விடுவார்.

ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (கூகுள் கருவிகளுக்கான நிரல்) எழுதிப் படிவத்தை உருவாக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கப் பிரிப்புக்கு நீங்கள் கொடுக்கும் 'செட் கோ டு பேஜ்' அதற்கு முந்தைய பக்கத்தை முடித்தவர் எங்கே போக வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது, அந்தப் பிரிப்புக்குப் பின்னால் வரும் பக்கத்தை அல்ல. பெயரைப் பார்த்தால் இது புரியாது. ஒரு பக்கம் தள்ளியே தாவுகிறது என்றால் இதைத்தான் பாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் கிளை முன்னோக்கி மட்டுமே போகும். பின்னால் இருக்கும் கேள்விக்குத் திருப்பி அனுப்ப முடியாது. போக வேண்டிய கேள்வி பட்டியலில் தெரியவில்லை என்றால், அது தாய்க்கேள்விக்கு மேலே உட்கார்ந்திருக்கும். கீழே இழுத்து வையுங்கள்.

கூகுள் ஃபார்ம்ஸில் பின்னோக்கியும் அனுப்பலாம் என்பதால் அங்கே வேறொன்று நேரும்: சுற்றிச் சுற்றி அதே பக்கம். பிரிவு 5 பிரிவு 2-க்கு அனுப்புகிறது, 2 மறுபடி 5-க்கு. ஒவ்வொரு வட்டத்திலும் வெளியேற ஒரு வாய்ப்பாவது இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அறிகுறி: சப்மிட் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை

எல்லாம் நிரப்பியாயிற்று, பட்டன் அசையவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. மறைந்திருக்கும் ஏதோ ஒரு கேள்வி கட்டாயம் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. நிரப்புகிறவருக்கு அது தெரியவே இல்லை, தெரியாததை அவர் எப்படி நிரப்புவார்?

பெயர்பெற்ற கருவிகள் பொதுவாக இதைக் கவனித்துக்கொள்ளும். கூகுள் ஃபார்ம்ஸில், நிரப்புகிறவர் போகாத பிரிவில் உள்ள கட்டாயக் கேள்விகள் அவரைத் தடுப்பதில்லை. கோபோ, ஓடிகேயிலும் நிபந்தனை நிறைவேறாத கேள்வியின் கட்டாயம் செல்லாது. இந்தச் சிக்கல் அதிகம் வருவது, நாமே எச்டிஎம்எல் (வலைப்பக்க மொழி) எழுதிய படிவத்திலோ, கருவி தந்த படிவத்தில் நம் கைச்சரக்கையும் சேர்த்த இடத்திலோதான். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் கொண்டு ஒரு பெட்டியைக் கண்ணிலிருந்து மறைத்தாலும், அதன் 'ரெக்வயர்டு' (கட்டாயம்) என்ற பண்பு அப்படியே உயிரோடு இருக்கும். உலாவி அதைச் சோதிக்கும், காலி என்று கண்டு தடுக்கும், செய்தி காட்ட அந்தப் பெட்டிக்குப் போக முயலும். பெட்டி மறைந்திருப்பதால் போக முடியாது, செய்தியும் காட்ட முடியாது. குரோமில் கன்சோலை (பிழைச் செய்திகள் விழும் பலகத்தை) திறந்தால் அந்தப் பெட்டிக்கு ஃபோகஸ் தர முடியவில்லை என்ற பொருளில் ஒரு சிவப்பு வரி கிடக்கும். மறைக்கும்போதே அந்தப் பெட்டியை 'டிசேபிள்டு' (முடக்கியது) ஆக்கிவிடுங்கள். அப்படிச் செய்த பெட்டியை உலாவி சோதிப்பதும் இல்லை, அதன் மதிப்பை அனுப்புவதும் இல்லை. காட்டும்போது மறக்காமல் திரும்ப இயக்குங்கள்.

அறிகுறி: மனம் மாறியவரின் பழைய விடையும் சேர்ந்து வருகிறது

ஒருவர் முதலில் 'நேரில்' என்று சொல்லி, தங்குமிடம் வேண்டும், இரண்டு பேர் என்று நிரப்புகிறார். பிறகு யோசித்து 'இணையவழி' என்று மாற்றுகிறார். தங்குமிடக் கேள்விகள் மறைகின்றன. விடைத்தாளில் பார்த்தால் இணையவழியில் சேர்கிறவருக்கு எதிரே 'இரண்டு பேர்' என்று இருக்கிறது. அந்த நெடுவரிசையைக் கூட்டி அறை ஏற்பாடு செய்கிறவர், இல்லாத இரண்டு பேருக்கும் சேர்த்து ஏற்பாடு செய்வார். மற்ற கோளாறுகள் சோதிக்கும்போதே கண்ணில் படும். இது கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் தெரியும். அதனால்தான் எனக்கு இந்த அறிகுறி மேல் அக்கறை கூடுதல்.

மறைப்பதும் அழிப்பதும் வேறு வேறு வேலை. மறைந்த கேள்வியின் விடையை என்ன செய்வது என்பது கருவிக்குக் கருவி மாறும். ஓடிகேயில் நிபந்தனை நிறைவேறாத கேள்வியின் விடை, படிவத்தை முடித்து அனுப்பும்போது நீக்கப்படுகிறது. ஜாட்ஃபார்மில் மறைந்த பெட்டியின் மதிப்பை அழிப்பதா வைத்துக்கொள்வதா என்று தேர ஓர் அமைப்பே இருக்கிறது. உங்கள் கருவியில் அப்படி ஓர் அமைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், மேலே சொன்ன மனிதரைப் போல நீங்களே நிரப்பி, மாற்றி, அனுப்பி, விடைத்தாளில் என்ன விழுகிறது என்று பாருங்கள்.

அழிக்க வழியே இல்லை என்றால், விடைத்தாளில்தான் வடிகட்ட வேண்டும். தங்குமிட நெடுவரிசையை நேரடியாகக் கூட்டாதீர்கள். 'நேரில்' என்று சொன்ன வரிசைகளை மட்டும் கூட்டும் 'சம்இஃப்' போடுங்கள். மறைந்த பெட்டியின் எண்ணை வைத்து மொத்தத் தொகை கணக்கிடும் பெட்டி படிவத்திலேயே இருந்தால், அதன் வாய்பாட்டிலும் இதே நிபந்தனை இருக்க வேண்டும்.

அறிகுறி: ஒரே கேள்விக்கான விடைகள் மூன்று நெடுவரிசையில் சிதறிக் கிடக்கின்றன

மூன்று கிளையிலும் தொலைபேசி எண் வேண்டும் என்பதற்காக, மூன்று பிரிவிலும் அந்தக் கேள்வியை நகலெடுத்து வைத்தீர்கள். கருவிக்கு அவை மூன்று தனிக் கேள்விகள், ஆகவே மூன்று நெடுவரிசைகள். பொதுவான கேள்விகளைக் கிளை பிரிவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், அல்லது கிளைகள் எல்லாம் வந்து சேரும் கடைசிப் பிரிவில் கேளுங்கள். ஏற்கெனவே விடைகள் வந்துவிட்டனவா? மூன்று கட்டங்களையும் ஒட்டும் ஒரு வாய்பாட்டைப் பக்கத்தில் போட்டால், ஒருவருக்கு ஒன்றுதான் நிரம்பியிருக்கும் என்பதால் சரியான எண் வந்துவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகழ்ச்சிக்கு நான் அமைத்த படிவத்தில், தொலைபேசிக் கேள்வி நேரில் வருகிறவர்களின் பிரிவுக்குள் மாட்டிக்கொண்டது. இணையவழியில் பதிந்த ஒருவரையும் அழைத்துப் பேச எங்களிடம் எண் இல்லை. நேர மாற்றத்தை அவர்களுக்குச் சொல்ல முடியாமல் போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்வியையும் பார்த்து "இது எல்லோருக்குமா, இந்தக் கிளைக்கு மட்டுமா?" என்று கேட்காமல் நான் படிவத்தை அனுப்புவதில்லை.

அறிகுறி: எனக்குச் சரியாக வருகிறது, மற்றவர்களுக்கு வரவில்லை

நீங்கள் மாற்றியது வெளியே போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டைப்ஃபார்மில் மாற்றம் செய்த பிறகு 'பப்ளிஷ்' அழுத்த வேண்டும். கோபோவில் மறுபடி 'டிப்ளாய்' செய்ய வேண்டும், அதன் பிறகு களத்தில் இருப்பவர்கள் தங்கள் கைபேசிச் செயலியில் புதிய வடிவத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். அதுவரை அவர்கள் பழைய விதிகளோடுதான் நிரப்பிக்கொண்டிருப்பார்கள்.

நேற்று வரை சரியாக இருந்தது இன்று இல்லை என்றால், யாராவது வாய்ப்பின் சொல்லைத் திருத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். 'நேரில்' என்பதை 'நேரில் வருகிறேன்' என்று அழகுபடுத்தினால், சில கருவிகளில் விதி பழைய சொல்லையே பிடித்துக்கொண்டு நிற்கும். இருமொழிப் படிவத்தில் ஒரு மொழியில் மட்டும் கிளை வேலை செய்கிறது என்றாலும் காரணம் இதேதான்: விதி ஒரு மொழியின் சொல்லோடு ஒப்பிடுகிறது. இரு மொழிக்கும் பொதுவான உள்மதிப்பை வைத்து விதியை எழுதுங்கள்.

அனுப்பும் முன் சோதிப்பது

ப்ரிவியூவில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது போதாது. நம் படிவத்தில் எத்தனை வழிகள் என்று எண்ணுவோம்: நேரில் வந்து தங்குகிறவர், நேரில் வந்து தங்காதவர், இணையவழி, வராதவர். நான்கு. ஒரு தாளில் நான்கு வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தெந்தக் கேள்வி வர வேண்டும் என்பதைப் படிவத்தைத் திறக்கும் முன்பே எழுதிவிடுங்கள். திறந்த பிறகு எழுதினால், வருவதைப் பார்த்து அதையே எழுதிவிடுவோம். அப்புறம் உலாவியின் தனிமைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ), வெளியே அனுப்பும் அதே லிங்க்கைத் திறந்து, நான்கு வழியிலும் கடைசி வரை போய் சப்மிட் செய்யுங்கள். கைபேசியில் ஒருமுறையும் செய்துவிடுங்கள்.

அதன் பிறகு இரண்டு தொந்தரவான மனிதர்களாக நடியுங்கள். ஒருவர் கட்டாயம் இல்லாத எதற்குமே விடை சொல்லாதவர். இன்னொருவர் பாதி வழி போய்ப் பின்னால் வந்து முதல் விடையை மாற்றுகிறவர். மேலே சொன்ன கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு பேரிடம்தான் வெளியே வரும்.

படிவத்தில் பார்த்ததோடு நிற்காமல் விடைத்தாளையும் திறந்து, சோதனையில் விழுந்த எல்லா வரிசையையும் நெடுவரிசை நெடுவரிசையாகப் பாருங்கள். காலியாக இருக்க வேண்டியது காலியாக இருக்கிறதா, நிரம்பியிருக்க வேண்டியது நிரம்பியிருக்கிறதா என்று தாளோடு ஒப்பிடுங்கள். எல்லாம் சரி என்றால் சோதனை விடைகளை அழித்துவிட்டு அனுப்பலாம். கூகுள் ஃபார்ம்ஸில் இதை இரண்டு இடத்தில் செய்ய வேண்டும்: படிவத்தில் உள்ள விடைகளை அழித்தாலும், இணைத்து வைத்த ஷீட்டில் அந்த வரிசைகள் அப்படியே இருக்கும். அங்கேயும் போய் நீக்குங்கள்.